கத்திரி வெயிலில் பைக் எடுக்கிறவங்களுக்கு

போன மே மாசம் திருச்சியிலிருந்து மதுரைக்கு பைக்கில் போனேன். காலை பத்து மணிக்குக் கிளம்பினேன், அதுதான் தப்பு. வழி முழுக்க காத்து அடிச்சதால் வெயில் உறைக்கவே இல்லை. ராத்திரி ரெண்டு புறங்கையும் நெருப்பு பட்ட மாதிரி எரிஞ்சுது. நாலாம் நாள் தோல் உரிஞ்சு வந்துச்சு.

காத்து சூட்டைத்தான் குறைக்கும், தோலை எரிக்கிற புற ஊதாக் கதிரைத் தடுக்காது. "நமக்குக் கறுப்புத் தோல், ஒண்ணும் ஆகாது"ன்னு நானும் நம்பியிருந்தேன். தோலுக்குக் கறுப்பு நிறம் தர்ற மெலனின் ஓரளவு காக்கும், அவ்வளவுதான்.

இப்போ விடியக்காலை அஞ்சுக்கே கிளம்பிடறேன். நெருக்கமா நெஞ்ச முழுக்கைச் சட்டை, கையுறை, செருப்புக்குப் பதில் ஷூ. பலர் துண்டை நனைச்சுக் கழுத்தில் சுத்திக்கிறாங்க. குளுமையா இருக்கும், ஆனா மெல்லிசு வெள்ளைப் பருத்தி நனைஞ்சா கதிரை இன்னும் அதிகமா உள்ளே விடும். கெட்டித் துணியாப் பாருங்க.

சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30 இருந்தாலே போதும், தோலை அதிகமா எரிக்கிற புற ஊதா பி வகைக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். கிளம்புறதுக்கு 15 நிமிஷம் முன்னாடி பூசணும். பிடரி, காது மடல், மூக்கு விட்டுப்போகக் கூடாது. வியர்வையில் கரைஞ்சிடும், அதனால ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசணும். வழியில் துவரங்குறிச்சியில் டீக்கு நிறுத்தும்போது நான் மறுபடி பூசிக்கிறேன்.

எரிஞ்சுட்டா பற்பசை, ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். பச்சைத் தண்ணித் துணி, கத்தாழை, நிறைய தண்ணி. கொப்புளம் வந்தா உடைக்காம டாக்டரைப் பாருங்க.