ஓரியூர் செம்மணலில் ஒரு புதன்கிழமை

அம்மா இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் என் ஜெபம் காய்ந்து போயிருந்தது. திருப்பலிக்குப் போவேன், மறைக்கல்வி வகுப்பு எடுப்பேன், இரவில் வீட்டில் ஜெபமாலை சொல்வோம். வாய் சொல்லும், உள்ளே ஒன்றும் அசையாது. பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது, "ஜெபத்தை மட்டும் விட்டுடாதம்மா" என்றார் பங்குச் சாமியார். விடவில்லை. ருசிதான் திரும்ப வரவில்லை.

தவக்காலத்தில் ஒரு புதன்கிழமை தனியாக, ராமநாதபுரம் பக்கம் இருக்கும் ஓரியூர் திருத்தலத்துக்குக் கிளம்பினேன். போர்ச்சுகலிலிருந்து வந்த இயேசு சபைக் குருவான புனித அருளானந்தர் அங்கே வெட்டுண்டு இறந்த 1693 பிப்ரவரி 4, ஒரு திருநீற்றுப் புதன்; நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கும் நாள். மனசு சாம்பலாகக் கிடந்த எனக்கு அந்தக் கிழமைதான் சரி என்று பட்டது.

தேவகோட்டையில் பஸ் மாறி, திருவாடானை தாண்டினால் வானம் பார்த்த பூமி. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், அறுப்பு முடிந்த வயல், பாளம் பாளமாக வெடித்த கண்மாய். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். தாவீது யூதேயாவின் பாலைவனத்தில் பாடியதாகச் சொல்லப்படும் 63ஆம் திருப்பாடல் எனக்கு மனப்பாடம். அதுகூட அன்று நினைவுக்கு வந்ததே தவிர, நெஞ்சில் இறங்கவில்லை.

திருத்தலத்தில் கூட்டம் இல்லை. அருளானந்தர் இரத்தம் சிந்தியதால் சிவந்தது என்று நம்மவர்கள் நம்பும் அந்த மணலை ஒரு கை அள்ளினேன். பொடிப்பொடியான மணல், துருவின் நிறம். விரலிடுக்கில் ஒழுகிப் போனது, ரேகைகளில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. முழந்தாளிட்டேன். ஜெபம் வரவில்லை. சரி, அவரைப் பற்றியாவது நினைப்போம் என்று உட்கார்ந்தேன்.

1647இல் லிஸ்பனில் பிறந்து, அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்தவர். மறவர் நாட்டுக்கு வந்து காவி உடுத்தி, மரக்கறி உணவோடு, இங்குள்ள துறவிகளைப் போலப் பண்டாரசாமியாக வாழ்ந்தார். 1686இல் பிடித்துச் சித்திரவதை செய்து விரட்டினார்கள். போர்ச்சுகல் போனவரை அரசர் அங்கேயே இருக்கச் சொல்லியும் கேளாமல் 1690இல் திரும்பி வந்தார். மறவர் குலத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவி போதும் என்று மற்றவர்களை விலக்கியதும், விலக்கப்பட்டவர்களில் ஒருவர் தன் உறவினரான, நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியிடம் முறையிட்டதும் அவருடைய முடிவுக்குக் காரணமாயின.

இவை எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சின்ன விஷயம். சாவதற்கு முந்தின நாள் சிறையிலிருந்து தன் சபைக் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். மை கிடையாது. கரியைத் தண்ணீரில் குழைத்து எழுதினார். கையில் இருந்தது அவ்வளவுதான், அதில் எழுதினார்.

வெயில் ஏறியதும் வெளியே வந்தேன். சாலையோரம் ஓர் அப்பத்தா மிளகாய்ப்பழம் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். தள்ளி, கண்மாய்க் கரையில் நாலைந்து பேர் மண் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சொட்டுத் தண்ணி இல்லையே, இப்பப் போயி கரை கட்டுறாங்களே அப்பத்தா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏந்தாயி, தண்ணி நிக்கையில கரையில மண்ணு போட முடியுமா? காஞ்சு கெடக்கையிலதான் வேலை. மழை வந்தப்புறம் ஓடினா என்னத்தக் கட்ட?"

அப்புறம் மிளகாயைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

மறுபடி உள்ளே போய் ஜெபமாலையை எடுத்தேன். இயேசுவின் பாடுகளை நினைத்துச் சொல்லும் துயர மறையுண்மைகள். ஒன்றும் தோன்றாமல்தான் சொல்லிக்கொண்டு போனேன். பத்துப் பத்து மணியாகச் சொல்வதில் மூன்றாவது பத்தில், 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தின் "இப்பொழுதும் நாங்கள் இறக்கும் வேளையிலும்" என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது.

அம்மா இறந்த நேரத்தில் நான் பக்கத்தில் இல்லை. ஆஸ்பத்திரி கேண்டீனில் டீ வாங்கிக்கொண்டிருந்தேன். ஒன்பது நாள் நவநாள் செய்து கெஞ்சியும் கேட்காத கடவுள், அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தையாவது எனக்குக் கொடுத்திருக்கலாமே என்ற கோபத்தைத்தான் இத்தனை மாதமும் விழுங்கி வைத்திருந்தேன். அதை அன்று கடவுளிடமே சொன்னேன், வாய்விட்டே சொன்னேன்.

சொல்லி முடித்தபோது அம்மாவின் ஜெபமாலை கண்ணில் வந்தது. தேய்ந்த மணி, நடுவில் கறுப்பு நூலால் முடிச்சுப் போட்டது. அம்மா ஜெபமாலை சொல்லாமல் படுத்ததில்லை. ஒரு ஜெபமாலைக்கு ஐம்பத்து மூன்று அருள் நிறைந்த மரியே. அலுப்பாக இருந்த நாளிலும், தூக்கம் சொக்கிய நாளிலும், இறக்கும் வேளைக்காக ஐம்பத்து மூன்று தடவை கேட்டு வைத்திருந்தாள். நான் இல்லாத அந்த ஐந்து நிமிடத்துக்காக அவள் ஆயுசெல்லாம் கேட்டிருக்கிறாள். அவள் தனியாக இருந்திருக்க மாட்டாள்.

அழுதேன். பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக ஆண்டவர் முன்னால் அழுதேன்.

விட்ட இடத்திலிருந்து மிச்ச ஜெபமாலையைச் சொல்லி முடிக்கும்போது மூன்று மணி பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் வரும்வரை நிழலில் உட்கார்ந்து, உள்ளங்கையில் ஒட்டியிருந்த செம்மணலைத் தட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.