பத்மினியின் ஸ்டார்ட்டிங் தொல்லை: கடைசியில் பிடிபட்டது எர்த்

ஐந்து மாதமாக உயிரை எடுத்த ஸ்டார்ட்டிங் பிரச்சினை போன ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாகத் தீர்ந்தது. வண்டி 1984 பிரீமியர் பத்மினி. எனக்கு முன்னால் வைத்திருந்தவரே பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு, வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் ஆல்டர்னேட்டரை மாட்டியிருந்தார். காலையில் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் எப்படியோ எடுத்துக்கொள்ளும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஓட்டிப் போய் டீ குடிக்க நிறுத்தினால் போச்சு. சூட்டில் ஸ்டார்ட்டர், அதாவது இன்ஜினைச் சுழற்றிவிடும் மோட்டார், முக்கி முக்கி அரைச் சுற்று சுற்றும், அப்புறம் அதற்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்சான சோலினாய்டிலிருந்து டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டீக்கடையில் நிற்பவர்களைத் தள்ளச் சொல்லித்தான் கிளம்ப வேண்டும்.

முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். புது 35 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி போட்டேன், ஒரு வாரம் தாங்கியது. அடுத்து ஸ்டார்ட்டரை இறக்கி கார்பன் பிரஷ், இரண்டு பக்க புஷ், எல்லாம் மாற்றினேன். பத்து நாள் நன்றாக இருந்தது, மறுபடி அதே கதை. எலக்ட்ரீஷியன் அண்ணன் டெஸ்ட் லாம்பை இன்ஜின் பிளாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "எர்த் நல்லா இருக்கு தம்பி, ஆர்மேச்சர்தான் போயிருக்கும்" என்றார். எர்த் என்பது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, ஆர்மேச்சர் ஸ்டார்ட்டருக்குள் சுழலும் பகுதி. நானும் மல்டிமீட்டரில், தொடர்பு இருந்தால் அடிக்கும் பீப் சத்தம் வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. அதை நம்பியதில்தான் இத்தனை நாள் போய்விட்டது.

துப்பு கிடைத்தது வேறு இடத்தில். இன்ஜின் ஜில்லென்று இருந்த ஒரு காலையில் நாலைந்து தடவை விடாமல் ஸ்டார்ட்டரை அடித்துவிட்டு, பானெட்டைத் திறந்து கார்புரேட்டர் பக்கம் கை வைத்தேன். சோக் கேபிளின் மேலுறை சுட்டது. இன்ஜின் இன்னும் ஓடவே இல்லை, கேபிள் மட்டும் எப்படிச் சுடும்? யோசித்தால் பதில் ஒன்றுதான். ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் நூறு ஆம்பியரைச் சாதாரணமாகத் தாண்டும். அது பிளாக் வழியாகத் திரும்பி பேட்டரி நெகட்டிவுக்கு வந்தாக வேண்டும். நெகட்டிவ் கேபிள் இருப்பது பாடியில், இன்ஜின் உட்கார்ந்திருப்பதோ ரப்பர் மவுண்டிங்கில். இடையில் பாலம் கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் செம்புப் பின்னல் பட்டை ஒன்றுதான். அது சரியாகக் கடத்தவில்லை என்றால் கரண்ட் கிடைத்த இரும்பில் எல்லாம் புகுந்து போகும். சோக் கேபிள் அப்படித்தான் மாட்டிக்கொண்டது.

சரி, அதை எண்ணில் பார்க்க வேண்டும். ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலுக்கு வரும் சன்ன வயரைக் கழற்றி வைத்தேன், இன்ஜின் எடுத்துவிடக் கூடாது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து ஒரு முனையை பிளாக்கின் வெறும் இரும்பில் வைத்தேன். இன்னொன்றை பேட்டரி நெகட்டிவ் ஈயத்தின் மேலேயே வைத்தேன், கிளாம்பின் மேல் அல்ல. இது முக்கியம். மகளைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். மீட்டரில் 2.4. அந்த நேரம் பேட்டரி முனைகளில் 10.6 இருந்தது, அதாவது ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேர்ந்தது 8 வோல்ட் சொச்சம். எர்த் பக்கம் கால் வோல்ட் விழுந்தாலே அதிகம்.

பீப் ஏன் ஏமாற்றியது என்று கணக்குப் போட்டேன். 120 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 2.4 வோல்ட் விழ 0.02 ஓம் போதும். என் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 காட்டும், அதில் 0.02 எங்கே தெரியும்? டெஸ்ட் லாம்பும் அப்படித்தான், அரை ஆம்பியர் கூட இழுக்காத பல்பு இந்த மாதிரி மோசமான எர்த்திலும் பளிச்சென்று எரியும். லோடு கொடுத்து வோல்ட்டேஜ் டிராப் பார்ப்பது மட்டுமே நம்பக்கூடிய சோதனை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஸ்டார்ட்டரில் கை வைக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள், இரண்டு நிமிடம்தான் ஆகும்.

பட்டையைக் கழற்ற வண்டிக்கு அடியில் படுத்தேன். பாடிப் பக்கம் லக்கின் (பட்டை முனையில் இருக்கும் துளையிட்ட உலோகப் பிடி) கீழே பளபளவென்று கறுப்பு பெயின்ட். போன வருடம் டிங்கரிங் வேலைக்கு விட்ட இடத்தில் பட்டையைக் கழற்றி, பெயின்ட் அடித்து, அதன் மேலேயே திரும்ப முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாகத்தான் இத்தனை நாளும் கொஞ்சம் கரண்ட் போயிருக்கிறது. பட்டையும் நல்ல நிலையில் இல்லை. லக்கை ஒட்டிப் பச்சை பூத்து, விரலால் வளைத்ததும் இழைகள் முறுக்கு மாதிரி நொறுங்கி உள்ளங்கையில் விழுந்தன.

சென்னை புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் பத்மினிக்கென்றே பின்னல் பட்டை கிடைத்தது. ஆனால் கையில் எடுத்தால் இலேசாக, தகரம் மாதிரி இருந்தது, வாங்க மனம் வரவில்லை. 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வெல்டிங் கேபிள் அரை மீட்டர், அதற்கேற்ற இரண்டு செம்பு லக் வாங்கினேன். பேனல் போர்டு வேலை செய்யும் நண்பரிடம் ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் இரவல் வாங்கி லக்கைக் கேபிளோடு அழுத்தினேன். சுத்தியலால் தட்டி நசுக்குவதும் ஈயம் ஊற்றுவதும் எனக்குப் பிடிக்காது, நல்ல கிரிம்ப்புக்கு இணை கிடையாது. பாடியில் பெயின்ட்டை உப்புத்தாளால் வெள்ளி தெரியும் வரை தேய்த்தேன், ஸ்டார் வாஷர் வைத்து முடுக்கினேன், முடுக்கிய பிறகு மேலே வாசலின் பூசினேன்.

இப்போது சாவியைத் திருப்பினால் எர்த் பக்கம் 0.12. இரண்டு தடவை செங்கல்பட்டு போய் வந்துவிட்டேன், கொதிக்கும் சூட்டிலும் பட்டென்று எடுக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே நடுவில் தேவையில்லாமல் ஒரு இடத்தில் நிறுத்தினேன்!

இன்னொன்றும் மாறியது, ஆல்டர்னேட்டரின் கரண்டும் இதே எர்த் வழியாகத்தான் போகிறது. முன்பு ஹெட்லைட் போட்டு ஓடும்போது ஆல்டர்னேட்டரில் 14.1 வோல்ட், பேட்டரியில் 13.4. இப்போது பேட்டரியில் 13.8 வருகிறது. மிச்சம் 0.3 விழுவது பாசிட்டிவ் பக்கம். டைனமோ காலத்து வயரையே ஆல்டர்னேட்டருக்கும் விட்டிருக்கிறார்கள், அதை 10 சதுர மில்லிமீட்டருக்கு மாற்ற வேண்டும். ஹெட்லைட் லோடு முழுக்க சுவிட்ச் வழியாகவே போகிறது, அதற்கு ரிலே (பெரிய கரண்டைத் தான் சுமந்து சுவிட்சைக் காப்பது) இரண்டு வாங்கியாயிற்று. அதற்கு முன்னால் ஃபியூஸ் பாக்ஸ். அந்தப் பழைய பீங்கான் ஃபியூஸ்களை விரலால் கொஞ்சம் உருட்டினால் வைப்பர் வேகமாக ஓடுகிறது, ஆகவே கிளிப்புகளில் களிம்பு ஏறியிருக்கிறது. இந்த வாரம் ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றித் தேய்க்கப் போகிறேன். வயரிங் கலர் எல்லாம் எழுதி வைத்துவிட்டேன், பச்சை ஒன்று மட்டும் எங்கே போகிறதென்று இன்னும் பிடிபடவில்லை.