16 பேர் முன்னாடி

மார்ச் 3, ஞாயிறு ராத்திரி

தூக்கம் வரல, அதான் எழுதுறேன். சர்ச்சுல ஆராதனை முடிஞ்சு கமிட்டி கூட்டம் நடந்துச்சு. தேர்தல் வருதே, எந்தக் கட்சிக்கு ஓட்டுன்னு சபையில அறிவிச்சிடலாம்னு மூத்த மூப்பர் பேச்சை எடுத்தார். நான் வேண்டாம்னேன், பிரசங்க பீடத்துல நின்னு ஓட்டு கேக்க ஆரம்பிச்சா வேற கட்சிக்காரன் இந்த வாசல்படி ஏறமாட்டான்னு சொன்னேன். அதுவரைக்கும் சரியாத்தான் பேசினேன். அவர் திருப்பி, "தம்பி, ஜனங்களுக்கு ஆபத்து வர்றப்ப வாயை மூடிக்கிட்டு இருக்கிறதும் பாவம்தானே"ன்னு கேட்டார். எனக்கு சட்டுனு பதில் வரல. பதில் வராத கோபத்துல, "உங்களுக்கு அந்தக் கட்சிக்காரங்க என்ன செஞ்சு குடுத்தாங்கன்னு எங்களுக்கும் தெரியும் அண்ணே"ன்னு சொல்லிட்டேன்.

எனக்கு ஒண்ணும் தெரியாது. யாரும் எதுவும் சொல்லல. வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்.

அவர்தான் செகரட்டரி. எழுதிக்கிட்டு இருந்தவர் பேனாவை மூடினார், மினிட்ஸ் நோட்டையும் மூடினார், அப்புறம் கூட்டம் முடியிற வரைக்கும் தலையைத் தூக்கல. நான் சின்னப் பையனா இருந்தப்ப ஞாயிறு பள்ளியில எனக்கு வசனம் சொல்லிக் குடுத்தவர் அவர்.

மார்ச் 5, செவ்வாய்

ரெண்டு நாளா அதே நினைப்பு. அவர் சொன்ன கருத்து தப்புன்னு இன்னைக்கும் நினைக்கிறேன், ஆனா நான் அந்தக் கருத்தோட மோதவே இல்லையே, அந்த மனுஷனோட நேர்மையில இல்ல கை வச்சிட்டேன். கருத்துக்கு கருத்து சொல்லத் தெரியாதப்ப "நீ விலை போயிட்ட"ன்னு சொல்றது எவ்வளவு சுலபமா இருக்கு பாருங்க. அரசியல்லயும் இதையேதான் பண்றோம். ஒருத்தன் நம்ம கட்சியைக் கேள்வி கேட்டா, கேள்விக்குப் பதில் சொல்றதில்ல, எவ்வளவு வாங்கினேன்னு கேக்குறோம்.

பைபிள்ல மத்தேயு 18ஐ எடுத்து திரும்பப் படிச்சேன். உன் சகோதரன் குற்றம் செஞ்சா முதல்ல நீயும் அவனும் தனியா இருக்கப்ப சொல்லு, கேக்கலைன்னா ஒண்ணு ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போ, அதுக்கும் கேக்கலைன்னா கடைசியாத்தான் சபைக்குச் சொல்லு. இந்த வரிசையை நாங்க அப்படியே தலைகீழாப் பண்றோம். முதல்ல வாட்ஸ்அப் குரூப்ல போடுறது, அப்புறம் நமக்கு வேண்டிய நாலு பேரைச் சேத்துக்கிறது, சம்பந்தப்பட்ட ஆள்கிட்ட மட்டும் கடைசி வரைக்கும் பேசுறதே இல்ல.

மார்ச் 7, வியாழன்

கமிட்டியில இருக்கிற ஒரு தம்பி போன் பண்ணினான். "நீங்க பேசினதுதான் சரி அண்ணே, பவுலே பேதுருவை எல்லார் முன்னாடியும் எதிர்த்தாரே"ன்னான். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஒரு நிமிஷம் நிம்மதியாக்கூட இருந்துச்சு. ஆனா கலாத்தியர் 2ல அப்படியா இருக்கு? அந்தியோகியாவுல பேதுரு புறஜாதியாரோட, அதாவது யூதர் அல்லாதவங்களோட, உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தார், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபுகிட்ட இருந்து யூத ஆளுங்க வந்ததும் பயந்து விலகிக்கிட்டார். எல்லார் கண்ணு முன்னாடியும் நடந்த காரியம் அது, அவரைப் பாத்து பர்னபாவும் போயிட்டார், அதனால பவுல் எல்லார் முன்னாடியும் கேட்டார். எதைக் கேட்டார்? செஞ்ச காரியத்தைக் கேட்டார், அதுவும் முகத்துக்கு நேரா. நான் பேசினது நடக்காத ஒண்ணை. அந்த அதிகாரத்துக்குப் பின்னாடி போய் நான் ஒளிஞ்சுக்க முடியாதுடான்னு அவன்கிட்ட சொன்னேன், அவனுக்குப் பிடிக்கல.

அதே பவுலுக்கும் பர்னபாவுக்கும் மாற்குவைக் கூட்டிட்டுப் போறதுல கடுமையான சண்டை வந்து பிரிஞ்சே போனாங்க, அப்போஸ்தலர் 15ல மறைக்காம எழுதியிருக்கு. பல வருஷம் கழிச்சு தீமோத்தேயுவுக்கு எழுதுறப்ப, மாற்குவைக் கூட்டிட்டு வா, ஊழியத்துல அவன் எனக்குப் பிரயோஜனமானவன்னு அந்த பவுலே எழுதுறார். வேண்டாம்னு ஒதுக்கின ஆளைப் பத்தி.

மார்ச் 9, சனி

இன்னைக்கு முழுக்க ராஜாஜி, பெரியார் நினைப்பு. ஒருத்தர் ஆழ்ந்த பக்தர், இன்னொருத்தர் கடவுளே இல்லைன்னவர். ராஜாஜி கொண்டு வந்த கல்வித் திட்டத்தை குலக்கல்வின்னு சொல்லி பெரியார் கடுமையா எதிர்த்தார், 1954ல ராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். அதுல பெரியார் கொஞ்சம்கூட விட்டுக் குடுக்கல. ஆனா 1972 டிசம்பர்ல ராஜாஜி இறந்தப்ப பெரியார் 93 வயசுல சக்கர நாற்காலியில வந்து கண்ணீர் விட்டு அழுதார். இதைச் சொல்றப்ப எல்லாரும் அந்த அழுகையை மட்டும்தான் சொல்றாங்க. அது சாவு அன்னைக்கு திடீர்னு வந்த பெருந்தன்மை இல்லங்க, நடுவுல அத்தனை வருஷமும் ரெண்டு பேரும் நட்பை விடாம வச்சிருந்தாங்க, அதான் அழ முடிஞ்சுது.

18ம் நூற்றாண்டு இங்கிலாந்து பிரசங்கிகள் ஜான் வெஸ்லியும் ஒயிட்ஃபீல்டும்கூட இப்படித்தான். யாருக்கு ரட்சிப்புன்னு கடவுள் முன்னாடியே தீர்மானிச்சிட்டார்ங்கிற முன்குறித்தல் உபதேசத்துல ரெண்டு பேரும் அச்சடிச்சே மோதிக்கிட்டாங்க. 1770ல ஒயிட்ஃபீல்டு இறந்தப்ப லண்டன்ல நினைவுப் பிரசங்கம் பண்ணினது வெஸ்லி. உபதேசத்துல ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் ஒத்துப்போகல.

மூப்பருக்கு 74 வயசு. நாளைக்கு அவர் வீட்டுக்குப் போயிடணும்.

மார்ச் 10, ஞாயிறு

போனேன். கதவைத் திறந்தவர் உள்ள வான்னார், அவ்வளவுதான். நான் நின்னுக்கிட்டே மன்னிப்பு கேட்டேன். ரொம்ப நேரம் அவர் பேசல. அப்புறம் கேட்டார், "அன்னைக்கு கூட்டத்துல எத்தனை பேர் இருந்தோம்?"

"நம்மளோட சேத்து 18 அண்ணே."

"அப்ப 16 பேர் கேட்டாங்க. இங்க என்கிட்ட தனியா சொல்றது உனக்கு லேசு தம்பி. அந்த 16 பேர் முன்னாடி அதைத் திரும்ப வாங்கிக்கோ."

எனக்குச் சுருக்குன்னுச்சு. தனியா போய்ப் பேசிட்டா முடிஞ்சிடும்னு நினைச்சிருந்தேன். தனியாப் பேச வேண்டிய நேரத்துல கூட்டத்துல பேசிட்டு, கூட்டத்துல பேச வேண்டியதைத் தனியா முடிக்கப் பாத்திருக்கேன். கிளம்புறப்ப, "அறிவிப்பு விஷயத்துல நான் மாறலை"ன்னார். "நானும் மாறலை அண்ணே"ன்னேன். முதல் தடவையா என் முகத்தைப் பாத்தார்.

மார்ச் 17, ஞாயிறு

கூட்டம் ஆரம்பிச்சதும் எழுந்தேன். போன வாட்டி அண்ணனைப் பத்தி நான் சொன்னதுக்கு எந்த ஆதாரமும் கிடையாது, அது பொய், அதைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு சொன்னேன். குரல் நடுங்குச்சு. அப்புறம் அவர் கேட்ட கேள்விக்கு வந்தேன். வாயை மூடிக்கிட்டு இருக்க வேண்டாம், ஜனங்களுக்கு எது ஆபத்துன்னு தாராளமாப் பேசலாம், ஓட்டுரிமை பத்திப் பேசலாம், கட்சிப் பேர் மட்டும் பீடத்துல வேண்டாம்னேன். அவர் மறுத்தார். அரை மணி நேரம் பேசினோம், அவர் சொன்னதுல ரெண்டு விஷயம் நான் யோசிக்கவே இல்லாதது. ஓட்டுக்கு விட்டாங்க. அறிவிப்பு வேண்டாம்னு 10 பேர், வேணும்னு 8 பேர். அவர் 8ல ஒருத்தர்.

முடிவை எழுதிட்டு மினிட்ஸ் நோட்டை என் பக்கம் தள்ளினார், பேனாவும் குடுத்தார். "நீ திரும்ப வாங்கிக்கிட்டதை உன் கையாலயே எழுது தம்பி, நான் எழுதினா நல்லா இருக்காது." எழுதினேன். அவர் ஒரு தடவை படிச்சுப் பாத்தார். "ஆதாரம்"ல ஒரு கால் விட்டுப் போயிருக்குன்னு காட்டினார், போட்டேன், கீழ கையெழுத்துப் போட்டார்.