இடது கைக்காரனின் பாராங்

இடது கைப் பழக்கம் உள்ளவனுக்குப் பாராங் இலாங் அமைவது லேசில்லை. பாராங் என்றால் மலாய் நாட்டு வெட்டுக்கத்தி; அதில் இந்த வகை, மலேசியாவின் சரவாக் மாநிலத்து இபான் பழங்குடி மக்களுடைய ஆயுதம். தகட்டின் ஒரு பக்கம் புடைத்தும் மறுபக்கம் உள்வாங்கியும் இருக்கும். வலது கையால் சாய்த்து வெட்டினால் நன்றாக இறங்கும். அதையே நான் இடது கையில் பிடித்தால் மரத்தில் பதியாமல் வழுக்கிக்கொண்டு போகும். கடைகளில் தொங்குவதோ பெரும்பாலும் வலது கைக்குச் செய்தவை. கடைசியில் கூச்சிங் பக்கத்துக் கொல்லர் ஒருவர் புடைப்பையும் குழிவையும் இடம் மாற்றி அடித்துக் கொடுத்தார். எந்தக் கையால் வெட்டுவாய் என்றுதான் கேட்டார், நல்லவேளை. சாப்பிடும் கையைக் கேட்டிருந்தால் வலது என்றிருப்பேன். அது அம்மா விடாப்பிடியாகப் பழக்கியது.

அலமாரியில் அது இருந்தாலும், டுரியான் தோட்டத்துக்கு என்னோடு வருவது டுக்கு சண்டோங் என்னும் கனமான வெட்டுக்கத்தி. இதுவும் இபான்களுடையதுதான். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. தகடும் பிடியும் ஒரே இரும்பு. பிடியை உருட்டி நீட்டியிருப்பார்கள். மரப்பிடி போட்ட பாராங் நாளாக ஆக ஆடத் தொடங்கும். இதில் ஆடுவதற்கு எதுவுமே இல்லை. காய்ந்த கிளை, மூங்கில் எல்லாவற்றுக்கும் கனம் தானாக வேலை செய்யும்.

ஆனால் லாலாங் புல்லுக்கு அதை எடுத்தால் முட்டாள்தனம். தடித்த தகடு புல்லைத் தள்ளுமே தவிர அறுக்காது. அங்கே பிரேசிலின் டிராமொன்டினா நிறுவனத்து மஷெட்டி என்னும் மெல்லிய நீளக் கத்திதான். இரண்டு மில்லிமீட்டர் அளவே தடிமன், நல்ல நீளம்; மணிக்கட்டைச் சுழற்றினால் போதும். விலையும் மலிவு, அதனால் கல்லில் பட்டாலும் மனசு வலிக்காது. அரம் இருந்தால் நின்ற இடத்திலேயே தீட்டிக்கொள்ளலாம்.

பர்மிங்ஹாமில் மார்ட்டிண்டேல் நிறுவனம் பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் செய்த கோலோக் என்னும் வெட்டுக்கத்தி ஒன்றும் என்னிடம் உண்டு. மலாயா அவசரகாலத்தில் (1948–1960) நம் காடுகளில் அலைந்தவர்களின் ராணுவம் என்பதற்காகவே வாங்கினேன். அதில் எண்ணெய் போடுவதோடு சரி.

புதிதாக வாங்குகிறவர்கள் உறையைக் கவனியுங்கள். பாராங் உறை பெரும்பாலும் இரண்டு மரப்பலகைகளைச் சேர்த்துப் பிரம்பால் கட்டியது. உருவும்போது கூர்ப்பக்கம் விரல்களைச் சுற்றிப் பிடித்தால், அலகு பலகைகளின் இடுக்கு வழியாக வெளியே வந்து விரலை அறுத்துவிடும். முதுகுப்பக்கமாகப் பிடித்து உருவுங்கள். அப்புறம் தீட்டுவது. நடுப்பகுதி பிளக்கும் இடம், அங்கே கூர் கொஞ்சம் தடிப்பாக இருக்கட்டும். பிடிக்குப் பக்கத்தில் மெல்லிசாகத் தீட்டினால் குச்சி சீவ வசதி.