ஒன்றரைச் சுத்து

என்னுடையது 2003 மாடல் மாருதி ஜென். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் தாராளமாக நுழையும். மாலை நேரத்தில் கடற்கரைப் பக்கம் பையன்கள் கொண்டுவந்து நிறுத்துகிற வண்டிகளெல்லாம் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்க, என்னுடையது மட்டும் வேட்டியை மடித்துக் கட்டியதுபோல் நிற்கும். வண்டியின் உயரத்தை இறக்குவதற்கென்றே விற்கிற ஸ்பிரிங் செட்டின் விலையை விசாரித்தேன். நான் கார் வாங்கின விலையில் பாதி. சரி, இருக்கிற ஸ்பிரிங்கிலேயே வளையத்தில் கொஞ்சம் (பட்டறையில் 'சுத்து' என்பார்கள்) வெட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கீழக்கரையில் பட்டறை வைத்திருக்கிற காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருத்தர் ஒத்துக்கொண்டார். முதலிலேயே ஒன்று சொல்லிவிட்டார்: "கேஸ் வச்சு சூடு காட்டி உட்கார வைக்கிற வேலைய எங்கிட்ட கேக்காத தம்பி." சூடு ஏறினால் ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும். ஆறு மாதத்தில் ஒரு மூலை மட்டும் தொங்கும். கட்டிங் வீல் போட்டு, நடுநடுவே தண்ணீர் விட்டு ஆற்றி வெட்டினால்தான் வெட்டுவார்.

700 ரூபாய் கூலி, ஒரு நாள் வேலை என்று பேச்சு. ஆனது இரண்டு நாள். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வருடக்கணக்காக நின்ற வண்டி. உப்புக் காற்று சும்மா விடுமா? ஷாக் அப்சார்பரின் அடியில் இருக்கிற இரண்டு பெரிய போல்ட்டும் அசையவே இல்லை. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, டீசல் ஊற்றி, இரவு முழுக்க ஊற விட்டோம். மறுநாள் ஸ்பானரில் மூன்றடி பைப்பை மாட்டி நானும் காக்காவும் சேர்ந்து தொங்கினோம். 'டக்' என்று ஒரு சத்தம். போல்ட் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன், கழன்றிருந்தது.

வெளியே எடுத்த பிறகுதான் பயப்பட வேண்டிய வேலை. ஷாக்கின் தலையில் இருக்கிற நடு நட்டை, ஸ்பிரிங்கை முதலில் அமுக்கிப் பிடிக்காமல் கழற்றினால், அது துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பும். ஸ்பிரிங்கை அமுக்குகிற கம்ப்ரஸர் கொக்கி இரண்டையும் எதிரெதிராக மாட்டி, இந்தப் பக்கம் நாலு திருகு, அந்தப் பக்கம் நாலு திருகு என்று இறுக்கினார். ஸ்பிரிங் தன் இருக்கையை (அது உட்காருகிற தட்டை) விட்டு விலகி, கையால் தள்ளினாலே சுற்றுகிற அளவுக்கு வந்த பிறகுதான் நட்டில் ஸ்பானரை வைத்தார். அப்போதும், "மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பு" என்றார்.

"அரைச் சுத்து எடுப்போம். மாட்டிப் பாத்துட்டு வேணும்னா இன்னும் எடுக்கலாம்."

"ஒன்றரையா எடுத்துருங்க காக்கா. திரும்ப யாரு கழட்டுறது?"

போல்ட் தந்த அலுப்பில் நான் பேசியது அது. பின்பக்கமும் ஒரு சுத்து எடுக்கச் சொன்னேன். எல்லாம் மாட்டி முடித்து, ஜாக்கியில் முன்சக்கரத்தைத் தொங்கவிட்டபோது, காக்கா ஸ்பிரிங்கைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். லொடலொடவென்று ஆடியது. சக்கரம் முழுக்கத் தொங்கினாலும் ஸ்பிரிங் இரண்டு முனையிலும் இறுகி நிற்க வேண்டும்; இல்லாவிட்டால் வண்டி குதிக்கும்போது இருக்கையை விட்டு நகரும். அவர் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் மனசு வண்டி தரையில் நிற்கப்போகிற அழகில் இருந்தது.

ஒரு வாரம் ராஜா மாதிரி சுற்றினேன். நம் ராமநாதபுரம் ஜில்லாவில் மலையா இருக்கிறது, சப்பைத் தரைதானே என்று எண்ணியிருந்தேன். ஆனால் ஊருக்கு ஊர் வேகத்தடை இருக்கிறதே! வெள்ளிக்கிழமை உம்மாவையும் மாமி வீட்டு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடி கிளம்பினேன். பாம்பன் ரோட்டுப் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் 'டம்', 'டம்' என்று அடி. ஸ்பிரிங் அமுங்க இடமில்லாமல் ஷாக் நேராக ரப்பரில் போய் இடிக்கிறது. முழு பாரத்தோடு ஸ்டீயரிங்கை ஒடித்தால் டயர் மட்கார்டின் உள்பக்கம் உரசியது. தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போகிற வழியில் காற்று ரோட்டின் மேல் மணலைக் குவித்திருக்கும், தெரியுமில்லையா? அதில் வண்டியின் வயிறு தேய்ந்துகொண்டே போனது. "மாட்டு வண்டியில போன மாதிரி இருக்குடா," என்றார் உம்மா. பாதி வழியிலேயே திருப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். வெட்டுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய கணக்கு அது. வண்டி தரையில் நிற்கும்போது, ஸ்பிரிங்கின் ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடுவரை அளந்தால், ஒரு சுத்து வெட்டினால் முன்பக்கம் எவ்வளவு இறங்கும் என்பது ஏறக்குறைய அதுதான். எனக்கு 40 மில்லிமீட்டர் வந்தது. ஒன்றரைச் சுத்துக்கு 60. போதாததற்கு, வெட்ட வெட்ட ஸ்பிரிங் கடினமாகும். ஆறு சுத்து வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் 20 சதவீதம் கூடும். ஒன்றரை எடுத்தால் 33. மூன்றாவது வாரம் முன் டயர் இரண்டும் உள்விளிம்பில் மழித்ததுபோல் தேய்ந்திருந்தன. உயரம் மாறினதும் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) பார்த்திருக்க வேண்டும். அந்த 400 ரூபாயையும் மிச்சம் பிடித்திருந்தேன்.

வெட்டின சுத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று ஒருத்தர் சொன்னார். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். மதுரையில் பழைய ஸ்பேர் விற்கிற கடையில் நாலு ஸ்பிரிங் 2,400 ரூபாய். டயர் செலவு தனி. காக்கா ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி கம்ப்ரஸரை எடுத்தார். இந்த முறை நாலிலும் அரைச் சுத்து. வெட்டின முனையை ராவி, துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்து, அந்த முனை இருக்கையில் உள்ள படியில் சரியாக முட்டுகிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தோம். ஜாக்கியில் தூக்கி ஆட்டினேன். அசையவில்லை. அலைன்மென்ட்டும் அன்றைக்கே முடித்தோம்.

அரைச் சுத்தானாலும் சட்டம் இதை மாற்றமாக எடுத்துக்கொள்ளலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் பணம் தர மறுக்கவும் இது ஒரு காரணமாகலாம். தெரிந்துதான் செய்தேன்.

இப்போது வண்டி 20 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது, மட்கார்டு இடைவெளியில் மூன்று விரல் போகிறது. போன வாரம் கூட்டாளி ஒருத்தன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "எப்ப மாப்ள எறக்கப் போற?"