இரண்டாவது ராத்திரி எங்கே?

வீட்டை விட்டுக் கிளம்பிவிடலாம் என்று யோசிக்கிறாயா? முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். 18 வயது நிரம்பாத பிள்ளை வீட்டை விட்டு வெளியேறினால் அதற்காக அந்தப் பிள்ளை மேல் கேஸ் கிடையாது. 2015 இளைஞர் நீதிச் சட்டம் அந்தப் பிள்ளையை ‘பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை’ என்றுதான் பார்க்கிறது. போலீஸ் பிடித்து உள்ளே போட்டுவிடும் என்று நினைத்து, உதவி கிடைக்கிற இடத்தைப் பார்த்தே ஓடி ஒளிகிற பிள்ளைகள் உண்டு. அது வேண்டாத ஓட்டம்.

முதல் ராத்திரி எப்படியும் கழிந்துவிடும். சேலம் புது பஸ் ஸ்டாண்டில் விடிய விடிய வண்டி கிடைக்கும். பெங்களூருக்கோ மதுரைக்கோ ஏறினால் தூங்கி எழும்போது வேறு ஊர். சிக்கல் இரண்டாவது ராத்திரியில்தான். உண்டியலை உடைத்து எடுத்த 500 ரூபாய், டிக்கெட்டுக்கும் இரண்டு வேளை சாப்பாட்டுக்கும் போய்விடும். லாட்ஜில் ஆதார் கேட்பார்கள், வயதைப் பார்த்ததும் ரூம் இல்லை என்பார்கள். போனில் சார்ஜ் இருக்காது. சரியாக அந்த நேரத்தில் ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்காருவார். “எந்த ஊரு தம்பி? சாப்ட்டியா?” திட்ட மாட்டார், அட்வைஸ் செய்ய மாட்டார், டீ வாங்கித் தருவார். பெண் பிள்ளை என்றால் வந்து பேசுவது ஒரு அக்காவாகக்கூட இருக்கலாம். அப்புறம் வேலைப் பேச்சு வரும்: முறுக்கு கம்பெனி, பேக்கரி, மில், போர்வெல் லாரி. தங்க இடம், மூன்று வேளை சோறு, கையில் கொஞ்சம் அட்வான்ஸ்.

தூண்டில் அந்த அட்வான்ஸ்தான். அதைக் கழிக்கும் வரை வெளியே போகக்கூடாது என்பார்கள். அப்படிப்பட்ட கடனைத் திருப்பித் தரவே தேவையில்லை என்று 1976 கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் பாஷை தெரியாத ஊரில், போனும் ஆதாரும் முதலாளி கையில் இருக்கும்போது, சட்டத்தை யாரிடம் போய்ப் பேசுவாய்?

ஏற்காடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, முகம் தெரியாதவர் பைக்கில் லிஃப்ட் கேட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்குவது மிக மோசமான திட்டம். நடந்தே இறங்கலாம் என்றால் இருட்டில் காட்டெருமை நிற்கும். கீழேயிருந்து மேலே ஏறி ஒளிந்துகொள்ளலாம் என்கிறவர்களுக்கு, மார்கழிக் குளிரில் மெல்லிய சட்டையோடு ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே புரிந்துவிடும்.

இப்போது காரணத்துக்கு வருவோம். மார்க், போனைப் பிடுங்கியது, அண்ணனோடு ஒப்பிட்டுத் திட்டியது: இதெல்லாம் இன்று ராத்திரிப் பிரச்சினை. பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ ஃபெயில் என்றால் அதே வருடம் துணைத்தேர்வு இருக்கிறது. இன்றைக்கு வேண்டியது வேறொரு கூரை, அவ்வளவுதான். சித்தி வீடு, தாத்தா வீடு, அப்பா அம்மா மதிக்கிற ஒரு டீச்சர், யாராவது ஒருவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுப் போ. போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரே வரி அனுப்பு: “சித்தி வீட்ல இருக்கேன், பத்திரமா இருக்கேன், நாளைக்குப் பேசலாம்.” அந்த ஒரு வரி போகாவிட்டால் வீட்டில் ஸ்டேஷனுக்குப் போவார்கள். காணாமல் போனது குழந்தை என்றால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பிறகு சித்திதான் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

காதலித்தவனோடு போவதும் இதே கதைதான். உனக்கு 18 ஆகவில்லை என்றால் நீ விருப்பப்பட்டே போனாலும், கடத்தல் கேஸும், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டக் கேஸும் அவன் மேல் வரலாம். அவனுக்கு 19 வயதுதான் என்றாலும் வரலாம்.

அடி, வீட்டிலேயே ஒருவர் தொடக்கூடாத இடத்தில் தொடுவது, கட்டாயக் கல்யாணம்: இவை வேறு ரகம். இங்கே வெளியேறுவதுதான் சரியாக இருக்கும். ஆனால் பஸ் ஸ்டாண்டு வழியாக வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098 வழியாகப் போ. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். யார் போனிலிருந்தும் கூப்பிடலாம். உன் போனிலிருந்து என்றால் பேசி முடித்ததும் கால் லிஸ்டில் அழித்துவிடு. எடுத்ததும் மூன்று விஷயம் சொல்: வயது, இப்போது இருக்கும் இடம், இந்த நிமிடம் ஆபத்தா இல்லையா. பேரைக் கொஞ்சம் கழித்துச் சொன்னால் போதும். யாராவது வந்துவிட்டால் வைத்துவிட்டு மறுபடி கூப்பிடு. கல்யாணம் என்றால் தேதி, கோவில் அல்லது மண்டபம், மாப்பிள்ளை ஊர் மூன்றையும் சொல். இவை இல்லாமல் அதிகாரிகள் வந்து நிறுத்துவது கஷ்டம். கல்யாணமே முடிந்துவிட்டிருந்தாலும், 18 ஆன பிறகு இரண்டு வருடத்துக்குள் கோர்ட்டில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

ஒன்றை மறைக்கக்கூடாது. பாலியல் தொல்லை என்று நீ சொல்லிவிட்டால், கேட்டவர் அதைப் போலீஸில் தெரிவித்தே ஆக வேண்டும். போக்சோ சட்டம் அப்படி. ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்கிறவர் ஒன்று சட்டம் தெரியாதவர், இல்லை பொய் சொல்கிறவர்.

அடுத்து குழந்தைகள் நலக்குழு. வீட்டை விட்டு வந்த பிள்ளையை, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இந்தக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அவர்களில் ஒரு பெண்ணாவது இருப்பார். கோர்ட் மாதிரிக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். “அப்பா இல்லாம தனியா பேசணும்” என்று கேள். “வீட்டுக்குப் போக மாட்டேன்” என்றால் ஏன் என்பதையும் சொல். உன் விருப்பத்தைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். வீட்டு நிலவரத்தை விசாரித்து 15 நாளில் அறிக்கை, முதலில் நீ ஆஜரானதிலிருந்து நான்கு மாதத்துக்குள் முடிவு என்பது சட்டக் கணக்கு. அதுவரை சொந்தக்காரர் வீட்டிலோ குழந்தைகள் இல்லத்திலோ வைப்பார்கள். இல்லம் ஒன்றும் சொர்க்கம் இல்லை. போன் கிடையாது, கேட் பூட்டியிருக்கும், சோறு மணி அடித்தால்தான். ஆனால் இரண்டாவது ராத்திரி மட்டுமில்லை, இருபதாவது ராத்திரியும் அங்கே படுக்க இடம் உண்டு.

காரியம் கெடுவது பெரும்பாலும் இரண்டு பொய்யால். ஒன்று, பேரும் ஊரும் மாற்றிச் சொல்வது. விலாசம் பொய்யானால் விசாரணை நகராது. சீக்கிரம் வெளியே வர வேண்டிய பிள்ளை மாதக்கணக்கில் இல்லத்திலேயே கிடக்கும். வீட்டுக்குப் போகப் பயம் என்றால் அதையே சொல், விலாசத்தை மறைக்காதே. இன்னொன்று, 16 வயதை 19 என்பது. பெரியவன் மாதிரி நடத்துவார்கள் என்று நினைத்துச் சொல்வதுதான், நிஜமாகவே பெரியவனாக நடத்திவிடுவார்கள். குழந்தைகளுக்கான பாதுகாப்பு முழுக்கப் போய்விடும்.

பிள்ளை வந்து நிற்கும் வீட்டிலிருக்கிற சித்தி, மாமாவுக்கு: முதலில் சோறு போடுங்கள், கேள்வி அப்புறம். “என்ன கண்ணு, எங்க போலாம்னு இருந்த? எப்போ?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. அதே மாதிரி, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் கேளுங்கள். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் 14416-ல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அப்பா அம்மாவுக்குத் தகவல் சொல்லுங்கள், ஆனால் அன்று ராத்திரியே ஊரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். அடி உதைக்குப் பயந்தோ தொல்லைக்குப் பயந்தோ வந்த பிள்ளை என்றால், சமாதானம் பேசி அதே வீட்டில் கொண்டுபோய் விடுவது உங்கள் வேலை இல்லை. 1098-ஐக் கூப்பிட்டு, நலக்குழு முடிவு செய்யட்டும் என்று விடுங்கள்.

ஏற்கெனவே கிளம்பி வந்து சூரமங்கலத்தில் இருக்கிற சேலம் ஜங்ஷனில் உட்கார்ந்து இதைப் படிக்கிறாய் என்றால், பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போகாதே. டிக்கெட் கவுண்ட்டர் பக்கம் வெளிச்சத்துக்கு வா. ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) சீருடையில் இருப்பவரிடம் உன் நிஜ வயதைச் சொல்லி, 1098-க்குப் போன் போடச் சொல். ஓடும் ரயிலில் இருந்தால் ரயில்வே உதவி எண் 139. பஸ்ஸில் என்றால் கண்டக்டரிடம் சொல்லி அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிடு.