சிரட்டை, விதை, மணல்

கணக்கு டீச்சருக்கு ஒரு சந்தேகம் என்றால் பக்கத்து வகுப்பில் கேட்டுக்கொள்ளலாம். பாட்டு டீச்சர் பள்ளிக்கு ஒரே ஆள். பல பள்ளிகளில் அதுவும் கிடையாது. 2012-இல் நான் பகுதிநேரப் பாட்டு ஆசிரியராகச் சேர்ந்தபோது வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. எடுத்தது ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளுக்கு. ஆனால் சின்னதுகள் கூச்சல் போட்டால் 'பாட்டு டீச்சரைக் கூப்பிடு' என்பார்கள். மூன்றாம் வகுப்பு என் கைக்கு வந்தது அப்படித்தான்.

சுருதிப்பெட்டியை எனக்குத் தோதான ஐந்து கட்டைச் சுருதியில் வைத்து, முதல் பாடமான சரளி வரிசையை ஆரம்பித்தேன். ச, ரி வரும்போது பாதிப் பேர் முனகினார்கள். "வாயைத் தொறந்து பாடுங்க மக்களே" என்று நானும் கத்தித் தீர்த்தேன். கடற்கரைப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் தோழி, தக்கலை பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது சொன்னாள்: "பிள்ளைகளுக்க தொண்டைக்கு அது தாழ்வுக்கா, ஏத்தி வைங்க." ஏழு கட்டைக்கு ஏற்றினேன். முனகல் போயிற்று. மேல் ஸ்தாயியில் திணறியது நான்தான்.

அவளுக்கு வேறு தொல்லை. அவள் பிள்ளைகள் கிறிஸ்தவக் கோயிலில் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர்கள். சரளி வரிசைக்கான ராகம் மாயாமாளவகௌளை. அதில் ரியும் தவும் தாழ்ந்து நிற்கவேண்டிய இடத்தில் ஏறிப்போய், சங்கராபரணம் என்ற வேறு ராகமாகவே ஒலிக்கும். "அதை விடு, மோகன ராகத்தில் தொடங்கு, அதில் ரியும் தவும் ஏறித்தான் நிற்கும், சண்டையே வராது" என்றேன். சரளி வரிசையை மாற்றுவதா என்று முகம் சுளித்தாள். ஆனாலும் செய்து பார்த்தாள்.

எங்கள் பக்கம் ரப்பர் தோட்டம். காய் வெடிக்கிற காலத்தில் பிள்ளைகள் பை நிறைய விதையோடு வருவார்கள். அதைத் தண்ணீர்ப் பாட்டிலில் போட்டுக் கிலுக்கினால் கலகலவென்று கேட்கும். ஒரு பை அவளுக்குக் கொடுத்தேன். அவள் பாட்டிலில் கடல் மணல் அடைத்து அனுப்பினாள். அது 'சர்' என்று இழுக்கும். இரண்டும் கையில் வந்த பிறகுதான் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. கைத்தட்டுக்குச் சிரட்டை, விரல் எண்ணுவதற்கு விதை, கை வீச்சுக்கு மணல். சிரட்டை, விதை, விதை, விதை, சிரட்டை, மணல், சிரட்டை, மணல். அதுவரை ஆறாவது எண்ணிக்கையிலேயே தொலைந்துபோகும் ஒரு பையன், மணல் பாட்டிலைப் பிடித்தபின் ஒருமுறைகூடத் தவறவில்லை.

பள்ளிகள் போட்டி போடும் கலைத் திருவிழா வந்துவிட்டால் இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகும். யார் எந்தப் பாட்டு என்று வாயே திறக்கமாட்டோம். ஒரு வருஷம், பாட்டி பாடிய நடவுப் பாட்டு ஒன்றை முன்கூட்டியே மற்றப் பாட்டு டீச்சர்கள் எல்லாருக்கும் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை வைத்தே இன்னொரு பள்ளி பரிசு வாங்கியது. என் பிள்ளைகள் வெறுங்கையோடு வந்தார்கள். ரெண்டு வாரம் அந்த டீச்சரின் போனை நான் எடுக்கவில்லை, உண்மையைச் சொன்னால்.

அவர்கள் பாட்டுக்கு நடுவே இரட்டைக் கைத்தட்டு ஒன்று சேர்த்திருந்தார்கள். கோபம் தணிவதற்கு முன்பே, என் மூன்றாம் வகுப்பு அதைத் தட்டிக்கொண்டிருந்தது.